சேர்க்கை சரியில்லை

ரேஷன் அட்டையில் அந்தப் பிள்ளையின் பெயர் லாவண்யா. ஆஸ்பத்திரியில் பெண் என்றார்கள்; வீட்டிலும் பெண்ணாகவே வளர்த்தார்கள். கௌதம் என்ற பெயரை வைத்தது கூடப் படித்த பிள்ளைகள்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. ஓசூர் சிப்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளி, எட்டாம் வகுப்பு, விளையாட்டு பீரியட். பந்து மதில் தாண்டிப் போய்விட்டது. லாவண்யா பாவாடையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு மதில் ஏறிக் குதித்து, பந்தோடு திரும்பி வந்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த சத்யப்ரியா இடுப்பில் கை வைத்துச் சொன்னாள்: "நம்ம கிளாஸ்ல ஒரு பையன் இருக்கான்டி. இவ்ளோ நாளா ஒளிச்சு வெச்சிருக்காங்க. இனிமே இவன் பேரு கௌதம்."

வகுப்பே சிரித்தது. சிரிப்பு சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்த மத்தியானத்திலிருந்து அந்தப் பிள்ளை தன் மனதுக்குள் அவன்தான்.

அதற்கு முன்பும் அவன்தான், சொல்ல ஒரு பெயர் இல்லாமல் இருந்தது, அவ்வளவே. ஐந்து வயதில் அப்பாவின் கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து அடி வாங்கியிருக்கிறான். பண்டிகைக்குப் பாவாடை சட்டை உடுத்திய நாளெல்லாம் யாருடைய துணியையோ திருடி உடுத்தியவன் போலக் கூசி நின்றிருக்கிறான். இதையெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் பின்னால் விஷயம் வெடித்தபோது, பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து அந்தப் பள்ளிக்கூடத்தைத்தான் தொடக்கம் என்றார்கள். கூட இருந்த பிள்ளைகள் கெடுத்துவிட்டார்களாம். கண்ணாடியில் முகம் தெரிந்தால், கண்ணாடிதான் முகத்தைச் செய்தது என்று சொல்லும் அறிவு அது.

அவன் அப்பா மாடசாமிக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். லாரிக்குப் பல்சக்கரம் செய்யும் கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளி. சங்கத்தில் முன்வரிசை ஆள். அம்மா காளியம்மாள். குடியிருந்தது லைன் வீட்டில்: வரிசையாக ஒற்றை அறைகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு குளியலறை. அதே வரிசையின் கடைசி அறையில் காளியம்மாளின் தம்பி கந்தன் இன்னும் சில இளவட்டங்களோடு தங்கியிருந்தான். இரும்பைக் காய்ச்சி அடிக்கும் பட்டறைக் கம்பெனியில் அவனுக்குக் காண்ட்ராக்ட் வேலை.

கந்தனுக்குத்தான் லாவண்யா என்பது தொட்டிலிலேயே பேசி முடித்த பேச்சு. தாய்மாமன் முறை. பிள்ளை வயதுக்கு வந்தால் மாமன் ஓலை கட்டுவான், சீர் செய்வான், அதன் பிறகு தாலி கட்டுவான். இதில் கேட்க என்ன இருக்கிறது? யாரும் கேட்கவில்லை. கந்தன் கெட்டவனும் இல்லை. பைக்கில் வைத்து ராயக்கோட்டை வரை ஓட்டிப்போய்ப் பரோட்டா வாங்கித் தருவான், லைன் வீட்டு முன்னால் கிரிக்கெட் ஆடும்போது பந்து போடுவான். கௌதமுக்கு மாமா என்றால் உயிர். அந்த மாமாவைக் கட்டிக்கொள்ளும் பேச்சு வந்தால் பந்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவிடுவான்.

ஒன்பதாம் வகுப்பில், ஒரு கணக்கு வகுப்பின் நடுவில் அது வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கௌசர் முதலில் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் தன் துப்பட்டாவை எடுத்து அவன் இடுப்பைச் சுற்றிக் கட்டி, வயிற்று வலி என்று டீச்சரிடம் சொல்லி, பள்ளிக்குப் பின்தெருவில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். கௌசரின் அத்தா ஜமீர் அகமது தக்காளி வியாபாரி. ராயக்கோட்டை மண்டியில் எடுத்து ஓசூர் மார்க்கெட்டில் கடை போட்டு, பெங்களூருக்கும் அனுப்புவார். அம்மா முனவர் பேகம் முன்னறையில் தையல் மிஷினில் இருந்தார். தலை நிமிர்ந்து சிரித்துவிட்டு மறுபடியும் மிதிக்கத் தொடங்கினார். பிள்ளைகள் வருவதும் போவதும் அந்த வீட்டில் வழக்கம்தான்.

பின்கட்டில் கௌசர் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். கௌதம் சுவரைப் பார்த்து நின்று அழுதான். கொஞ்ச நேரம் பொறுத்து அவள் கேட்டாள்:

"வீட்ல சொல்லணும்ல?"

"சொன்னா ஓலை கட்டுவாங்க."

"கட்டட்டுமே. லட்டு கிடைக்கும். எனக்கும் குடு."

"வெளையாடாத கௌசர். ஊரையே கூட்டி வெச்சு, இது பொண்ணுன்னு காட்டிடுவாங்க. அப்புறம் மாமாகிட்ட குடுத்துடுவாங்க. அதுக்கப்புறம் எதையும் மாத்தவே முடியாது."

கௌசர் யோசித்தாள். "எனக்கு வந்தப்போ எங்கம்மா ஒரு புதுத் துணி எடுத்துக் குடுத்தாங்க, ஒரு டம்ளர் பால் குடுத்தாங்க, முடிஞ்சுபோச்சு. உங்க வீட்ல மட்டும் எதுக்குடா மைக் செட்டு?"

அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். அப்படித்தான் அந்த ஒப்பந்தம் உண்டானது. பிளஸ் டூ முடியும் வரை வீட்டுக்குத் தெரியக் கூடாது. முடித்ததும் பெங்களூரில் ஏதாவது வேலை பார்த்துக்கொண்டு போய்விடுவது. அங்கே யாருக்கும் லாவண்யாவைத் தெரியாது.

லைன் வீட்டில் ஒரு ரகசியத்தைக் காப்பது லேசான காரியமில்லை. கொடியில் காயும் ஒவ்வொரு துணிக்கும் அங்கே கணக்குத் தெரியும். கௌசரின் பைதான் அவனுக்குப் பெட்டி, கௌசர் வீட்டுப் பின்கட்டுதான் குளியலறை. விடுமுறை நாளில் வந்துவிட்டால் சேர்ந்து படிப்பதாகச் சொல்லிக்கொண்டு ஓடுவான். வயிற்றைக் கிழிக்கும் வலியோடு தண்ணீர்க் குடம் தூக்குவான், முகத்தில் காட்ட மாட்டான். அந்த வயதுப் பிள்ளைகள் ஒரு மிட்டாயைக்கூட மறைக்கத் தெரியாதவர்கள் என்று நினைக்கும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எத்தனை பயம் இருந்தால் ஒரு குழந்தை தன் உடம்பையே ஒளித்து வைக்கும்?

பத்தாம் வகுப்பும் போனது. காளியம்மாளுக்கு உறக்கம் போனது. பிள்ளை வயதுக்கு வந்துவிட்டதா என்று சங்கரன்கோவிலிலிருந்து வரும் ஒவ்வொரு போனிலும் அதே கேள்வி. பக்கத்து அறை சரோஜம்மாள் உள்ளூர்க்காரி. மூன்று பாஷையும் பேசுவாள், மூன்றிலும் வாய் நீளம். ஒருநாள் தொட்டியடியில் வைத்துச் சொன்னாள்: "எம் பொண்ணு ஆறாங்கிளாஸ்லயே உக்காந்துடுச்சிங்க காளியம்மா. இது நடையப் பாருங்க, ஆம்பளையாட்டம். உள்ளாற இன்னா இருக்குதோ, யாரு கண்டா? பொண்ணே இல்லியோ என்னமோ."

காளியம்மாள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். குடத்தோடு நின்றிருந்த கௌதமுக்கோ, யாரோ மாலை போட்டதுபோல் இருந்தது. பொண்ணே இல்லை. ஊரே அப்படி நினைத்துவிட்டால் எவ்வளவு நல்லது! அன்றைக்கு அவன் சீட்டியடித்துக்கொண்டே தண்ணீர் தூக்கினான்.

காளியம்மாள் டவுனில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் ஒழுங்காக இருப்பதாகச் சொன்ன டாக்டர், "இன்னும் வரவேயில்லையாம்மா?" என்று அம்மாவை வைத்துக்கொண்டே கேட்டார். கௌதம் இல்லை என்றான். அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அதே கேள்வியைக் கேட்டிருந்தால், அந்தப் பிள்ளை வாய் திறந்திருக்கலாம். வெளியே கூட்டம் நிறைய. மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். மறுநாள் கௌசர் அந்த மாத்திரைகளைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டாள். நர்சுக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. தேவையில்லாத மருந்து விஷம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மாத்திரையும் பலிக்கவில்லை என்றானதும், சரோஜம்மாள் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு பூசாரி இருப்பதாகச் சொன்னாள். பேர் ஆஞ்சப்பன். மாடசாமி லீவு போட்டான். கம்பெனி வாசலில் மைக் பிடித்து உரிமை பேசுகிறவன், முதலாளியைப் பார்த்து ஆதாரம் கேட்கிறவன், பிள்ளையோடு பஸ் பிடித்துப் போய் ஒரு எலுமிச்சம்பழத்தின் முன்னால் கைகட்டி உட்கார்ந்தான். அங்கே அவன் ஆதாரம் கேட்கவில்லை.

பூசாரி பிள்ளையின் கிராப்புத் தலையைப் பார்த்தான். அவன் நிற்கும் விதத்தைப் பார்த்தான். பழத்தை அறுத்துவிட்டுச் சொன்னான்: "இதுக்குள்ள ஒரு ஆம்பள ஆவி குடியிருக்குது. பொண்ணு ரத்தத்த அதுதான் குடிச்சிக்கினு வருது. வர்ற அமாவாசை உச்சி வேளைக்குக் கூட்டியாந்துடுங்க. எறக்கிப்புடலாம்."

இறக்கும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தலைமுடியில் ஒரு கொத்தைப் புளியமரத்தில் ஆணி வைத்து அறைவார்கள். ஆவி தன் பெயரைச் சொல்லும் வரை சாட்டையால் அடிப்பார்கள். கையில் கற்பூரம் ஏற்றுவதும் உண்டு. போன வருடம் ஒரு பெண்ணுக்கு அடியில் காது போய்விட்டது. அது ஆவி போகும்போது கொண்டுபோன காது என்று பூசாரி சொல்ல, வீட்டார் கும்பிட்டுவிட்டு வந்தார்களாம்.

பள்ளி மைதானத்தில் சாப்பாட்டு நேரத்தில் கௌதம் இதைச் சொன்னபோது கௌசர் டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

"போகாதே. இன்னைக்கே சொல்லிடு."

"மாட்டேன்."

"சாட்டையால அடிப்பாங்கடா."

"அடிக்கட்டும். என்னைப் பாத்து உள்ள ஒரு ஆம்பள இருக்கான்னு சொன்ன முதல் பெரியவரு அந்தப் பூசாரிதான், தெரியுமா? வேற யாரு சொன்னாங்க?" கௌதம் சிரித்தான். "பேரு கேட்டா கௌதம்னு சொல்லிடுவேன்."

"லூசா நீ? ஆவி போற வரைக்கும் அடிப்பாங்க. உன்கிட்ட இருந்து எது போகும்?"

இன்னும் ஒன்றரை வருடம்தான் என்றான். ஒரு நாள் அடியை வாங்கிக்கொண்டால் பிளஸ் டூ முடித்துவிடலாம் என்றான். ஓலைக்குள் உட்காருவதைவிட மரத்தடியில் அடி வாங்குவது மேல் என்று பதினாறு வயதுப் பிள்ளை கூட்டிக் கழித்து முடிவு செய்திருந்தது. கௌசருக்கு அந்தக் கணக்கு ஏறவில்லை. அவள் கண்முன்னால் அந்தப் பெண்ணின் காதுதான் நின்றது.

அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம். கடைக்குப் போய்விட்டுச் சாமானோடு திரும்பிய கௌதம், வீட்டு வாசலில் கௌசரின் செருப்பைப் பார்த்தான். உள்ளே அம்மா கௌசரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சர்க்கரை டப்பா திறந்திருந்தது. கௌசரின் வாய் நிறையச் சர்க்கரை. அவள் அதை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அவள் கண்கள் கௌதமைப் பார்க்காமல் தரையைப் பார்த்தன. சொல்லிவிட்டாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"என் வயித்துல பாலை வார்த்தியேம்மா," என்று காளியம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். "எம் பிள்ளைக்குக் கொறை ஒண்ணுமில்ல. கொறை ஒண்ணுமில்ல."

சந்தோஷம் ஒரு கால் மணி நேரம் இருந்திருக்கும். பிறகு அவள் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கினாள். முகம் கறுத்தது. "அப்பம் இத்தன நாளும் தீட்டோடவா வெளக்கு ஏத்துன? பொங்கலுக்குப் பானை வச்சியேட்டி, அதுவும் தீட்டோடயா? இந்தக் கள்ளத்தனம் ஒனக்கு வராது. எவ சொல்லிக்குடுத்தா?"

காளியம்மாள் மெல்லத் திரும்பி, இப்போதுதான் சர்க்கரை ஊட்டிய பெண்ணைப் பார்த்தாள்.

"நீதான, ஏட்டி? ஒன் வீட்டுலதான ஒளிச்சு வச்ச? ஒன் சேர்க்கைதான் இதைக் கெடுத்துருக்கு."

"ஆன்ட்டி, அந்தப் பூசாரிகிட்ட போனா அடிச்சிடுவாங்களேன்னுதான் சொன்னேன்."

"எறங்குட்டி வாசலை விட்டு."

கௌசர் செருப்பை மாட்டும்போது கௌதம் வாசலுக்கு வந்தான். அவன் ஏதாவது சொல்லுவான் என்று அவள் நின்றாள். "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றான். அவள் போய்விட்டாள்.

அதற்கு மேல் வேலைகள் மளமளவென்று நடந்தன. வயதுக்கு வந்து இரண்டு வருடம் ஆயிற்று என்று சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியுமா? ஆகவே அன்றைக்குத்தான் வந்தது என்று வைத்துக்கொண்டார்கள். நாள், நட்சத்திரம், வந்த நேரம் எல்லாம் புதிதாகச் செய்து ஜோசியரிடம் கொடுத்தார்கள். அவரும் அந்தப் பொய் நேரத்துக்குப் பலன் பார்த்து, பெண்ணின் கால் பட்ட இடம் செழிக்கும் என்றார். ஒரு பிள்ளை பயந்து வாய்மூடி இருந்தால் கள்ளத்தனம். குடும்பமே கூடி ஒரு தேதியைப் புளுகினால் சுபகாரியம்.

கந்தன் தென்னை ஓலை கொண்டு வந்தான். லைன் வீட்டில் குடிசை கட்ட இடம் ஏது? தண்ணீர்த் தொட்டிக்கும் குளியலறைக்கும் நடுவில் கட்டினார்கள். குளிக்கப் போகிறவர்கள் எல்லாரும் ஓலையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளே கௌதம் தனித் தட்டோடும் தனித் தம்ளரோடும் உட்கார்ந்திருந்தான். சரோஜம்மாள் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொண்டு வந்து மூக்கைப் பிடித்து ஊற்றினாள். ஸ்டுடியோக்காரர் வந்து படம் எடுத்தார். கிராப்புத் தலையைப் பார்த்துத் தயங்கிவிட்டு, கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

பார்த்துக்கொண்டார். சிப்காட் பஸ் ஸ்டாப்பில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஃபிளெக்ஸ் எழுந்தது. பின்னால் பனிமலை, முன்னால் இடுப்பு வரை ஒட்டவைத்த சடையோடு லாவண்யா, மூலையில் கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன் கந்தன். பூப்புனித நீராட்டு விழா. அனைவரும் வருக. ஒரு பிள்ளையின் உடம்புக்குள் நடந்ததை நாற்சந்தியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஷிப்டு பஸ்கள் எல்லாம் அந்த இடத்தில்தான் நின்று ஆள் ஏற்றும். மூன்று ஷிப்டு ஆண்களும் அதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனார்கள்.

மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. பட்டுப் புடவையிலும் இரவல் நகையிலும் கௌதமை நாற்காலியில் உட்கார வைத்து, ஒட்டுச் சடை பின்னி, கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். வரிசையாக வந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். "இப்பதான் பொண்ணாட்டம் இருக்கா" என்று ஒவ்வொருத்தியும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் தன்னை விட்டு விலகி, அந்த நாற்காலிக்கு மேலே எங்கோ நின்றுகொண்டு, கீழே உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வகுப்புப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். சத்யப்ரியா பாவாடை தாவணியில் மேடையேறி, போட்டோவுக்காகப் பக்கத்தில் நின்று, சிரித்தபடி காதோரம் சொன்னாள்: "அழகா இருக்கே லாவண்யா. கௌசர் ஸ்கூலை விட்டு நின்னுட்டா, தெரியுமா? நல்லவேளை, நீ தப்பிச்சுட்டே."

ஃபிளாஷ் அடித்தது. பெயர் வைத்தவளே அதைத் துடைத்துவிட்டு இறங்கிப் போனாள். அவள் மேல் யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது; இனிமேல் சொல்லவும் இடம் வைக்க மாட்டாள்.

நடந்தது கௌதமுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவன் ஓலைக்குள் இருந்த நாட்களில், மாடசாமி சங்கத்து ஆட்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மார்க்கெட்டில் ஜமீர் அகமதுவின் கடைக்குப் போயிருக்கிறான். உன் மகள் என் மகளைக் கெடுத்துவிட்டாள் என்று சத்தம் போட்டிருக்கிறான். கூட்டம் கூடியிருக்கிறது. வேறு மதத்துப் பெண் ஏதோ மந்திரம் வைத்துவிட்டாள் என்று எவனோ ஒருவன் சொல்ல, அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கிறது. தக்காளிக் கூடைகள் சரிந்தன. ஜமீர் அகமது கைகூப்பி, "எம் பொண்ணுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன் அண்ணே, விட்டுடுங்க" என்றார். மறுநாளிலிருந்து கௌசர் பள்ளிக்குப் போகவில்லை. கோபத்தால் நிறுத்தினாரா, பயத்தால் நிறுத்தினாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வீதியில் நடக்கும் பெண்ணைப் பார்த்து எவன் என்ன செய்வானோ என்று ஒரு தகப்பன் நினைத்தால், அவர் கைக்கு எட்டுகிற பூட்டு தன் வீட்டுப் பூட்டுதான்.

இனி தாலிதான் பாக்கி. கல்யாணத்துக்கு வயது வரட்டும், நிச்சயத்தை முடித்துவைப்போம் என்று காளியம்மாள் நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கந்தன் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அக்கா, எனக்கு இது சரிப்படாது."

"எதுலே சரிப்படாது?"

"கம்பெனியில சிரிக்கானுவக்கா. அந்த போர்டைப் பாத்ததுல இருந்து ஒரே நக்கலு. சடை ஒட்டுனதுன்னு எல்லாப் பயலுக்கும் தெரியும். பொண்ணைக் கட்டப் போறியா, பையனைக் கட்டப் போறியாங்கானுவ. சாப்பிட உக்காந்தா, மாப்ளைக்கு மீசை வச்ச பொண்டாட்டிங்கானுவ. நான் எப்படி அங்க வேலை பாப்பேன்?"

காளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட கௌதம் நிம்மதியாக மூச்சு விட்டான். விட்ட மூச்சைப் பற்றி வெட்கமாகவும் இருந்தது. அவன் ஒளித்து வைத்ததும், கௌசர் போய்ச் சொன்னதும், அவன் வாய்விட்டுச் சொல்லத் துணியாததும் எதுவும் அவனைக் காப்பாற்றவில்லை. பட்டறையில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு ஆண்கள் சிரித்தது காப்பாற்றிவிட்டது. இருபத்தாறு வயது ஆம்பளை, கூட்டாளிகள் சிரித்தார்கள் என்று பேசி முடித்த கல்யாணத்தை உதறினான். அவனைச் சேர்க்கை கெடுத்துவிட்டது என்று அந்த வீட்டில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்கு மாடசாமி பெல்ட்டைக் கழற்றினான். மச்சான் போனான், மானம் போனது, எல்லாம் உன்னால் என்று ஒவ்வொரு அடிக்கும் ஒன்று சொன்னான். கைகளால் முகத்தை மறைத்துக்கொண்டதால் கௌதமின் முகம் தப்பித்தது. முழங்கைக்குக் கீழே தோல் உரிந்தது. சரோஜம்மாள் வந்து பிடித்து இழுக்காவிட்டால் இன்னும் விழுந்திருக்கும். நாக்கு நீளமான அவளுக்குத்தான் அன்று தடுக்கக் கை நீண்டது.

பள்ளிக்கூடம் அதோடு நின்றது. அங்கேதானே சேர்க்கை சரியில்லை? காருக்கு ஒயர் கட்டு செய்யும் ஒரு கம்பெனியில், உத்தனப்பள்ளி ரோட்டில், காண்ட்ராக்ட்காரர் மூலம் சேர்த்துவிட்டார்கள். வயதைக் கூட்டி எழுதினார்கள். அந்த ஷெட் முழுக்க அதே வயதுப் பெண்கள். அத்தனை பேரோடு பகலெல்லாம் உட்கார வைத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்ற கவலை இப்போது யாருக்கும் வரவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. லாவண்யா என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கௌதம் சிவப்பு ஒயரைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் கட்டிக்கொண்டிருந்தான். யாரோடும் பேசவில்லை. பேசினால் இன்னொருத்திக்கு என்ன ஆகுமோ என்றிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவன் கௌசர் வீட்டுக்குப் போனான். இனிமே என் மூஞ்சில முழிக்காத என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்காகப் பல நாள் மனதுக்குள் பேசிப் பார்த்திருந்தான். முழுக்கை வைத்த சட்டை போட்டிருந்தான்.

முனவர் பேகம் கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நின்றுகொண்டே ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

"உன்மேல எனக்குக் கோவம் இல்லம்மா. நீயும் சின்னப் புள்ளைதான். ஆனா உன்கூட சேர்ந்ததுலதான் எம் புள்ளை படிப்பு போச்சு. நர்சு நர்சுன்னு கெடந்தா. இப்போ என் மிஷின்ல உக்காந்து ஜாக்கெட் தைக்கிறா. ஜுபைர் வேற, தங்கச்சி வெளிய போனா காலை ஒடிப்பேன்னு நிக்கிறான். இனிமே இங்க வராதம்மா."

ஜுபைர் கௌசரின் அண்ணன். கௌதம் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கௌசரின் வீடு தன்னைக் குற்றம் சொல்லும் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை. இவர்கள் சொல்வதில் நியாயம் இருப்பதுபோல் வேறு தெரிந்தது.

உள்ளே தையல் மிஷின் ஓடும் சத்தம் நின்றது. கௌசர் உள்கதவோரம் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். தோளில் அளவு நாடா. அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போனாங்களா?"

"இல்ல."

"வேற யாரும் அடிக்கலையே?"

கௌதம் தம்ளரை மற்றொரு கைக்கு மாற்றினான். சட்டைக் கை முழங்கைக்கு ஏறாமல் பார்த்துக்கொண்டான்.

"இல்ல. யாரும் அடிக்கல."

"அப்ப சரி" என்றாள் கௌசர். முகத்தில் எதுவோ தளர்ந்தது. திரும்பி உள்ளே போனாள். மிஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

முனவர் பேகம் தம்ளரை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். மன்னிப்புக் கேட்க வந்தவன் அதைக் கேட்கவில்லை; இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினான். அவன் அடி வாங்கக் கூடாது என்பதற்காக அவள் தன் படிப்பையே கொடுத்திருந்தாள். அதுவும் வீணாய்ப் போனது என்று அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.